நடந்துகொண்டே வாசிப்பவர்கள்: இதெல்லாம் தெரியுமா?

‘மார்ச் மன்னர்’ என்று உலகம் கொண்டாடிய ஜான் ஃபிலிப் சூசா, தன் சொந்த பேண்டை 39 ஆண்டுகள் ஊர் ஊராக, நாடு நாடாகக் கூட்டிச் சென்றார். 15,000-க்கும் மேற்பட்ட கச்சேரிகள்! அந்த பேண்டு தெருவில் இறங்கி அணிவகுத்து நடந்தது மொத்தம் எத்தனை முறை தெரியுமா? எட்டே எட்டு முறை! மற்றதெல்லாம் மேடையில், நாற்காலியில் அமர்ந்து வாசித்ததுதான். அவர் பெயரைத் தாங்கி 1893-இல் பிறந்த சூசாஃபோன்கூட நடைக்காகச் செய்த வாத்தியம் இல்லை. அடித்தொனி எல்லோர் தலைக்கும் மேலே எழும்பி அரங்கம் முழுக்கப் பரவட்டும் என்று, வாய் வானத்தைப் பார்க்கச் செய்த மேடை வாத்தியம் அது. ‘மழை பிடிப்பான்’ என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு!

இப்படி ஒரு செய்தி காதில் விழுந்தால் அடுத்தவரிடம் சொல்லாமல் இருக்க முடிகிறதா? அதனால்தான் மார்ச்சிங் பேண்டு, டிரம் கோர், கலர் கார்டு என்று விரியும் அணிவகுப்புக் கலைகளுக்காக ஒரு பாட்காஸ்ட் தொடங்குவது என்ற யோசனை என்னை இப்படிப் பிடித்து ஆட்டுகிறது. கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று கேட்பார்கள். இந்தக் கலையின் சூட்சுமம் முழுவதும் காதில்தான் இருக்கிறது என்பேன் நான். முதல் எபிசோடுக்கே சான்று தயார்!

ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடுவரை 100 கெஜம், அதாவது 91 மீட்டர். இந்தக் கோடியில் ஊதிய டிரம்பெட் அந்தக் கோடியில் நிற்பவர் காதை எட்டக் கால் நொடிக்குமேல் ஆகிறது. கால் நொடிதானே என்று விட்டுவிட முடியாது. நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் ஒரு தட்டின் ஆயுளே மூன்றில் ஒரு பங்கு நொடி! எதிர்க் கோடியின் ஒலியைக் கேட்டுத் தாளம் சேர்க்கப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு தட்டு முழுக்கப் பின்தங்கிப் போவீர்கள். நூற்றைம்பது பேர் அவரவர் காதை நம்பி வாசித்தால் மைதானத்தில் நூற்றைம்பது தாளம் கேட்கும்.

அப்படியானால் எப்படி ஒன்றாக ஒலிக்கிறது? இங்கேதான் அதிசயம். தாளத்தின் ஊற்று பின்வரிசை டிரம்காரர்களிடம் இருக்கிறது. குழுவை முன்னால் நின்று நடத்தும் டிரம் மேஜர் தன் காதில் விழுவதைத் தள்ளிவைத்துவிட்டு, அவர்களின் பாதங்களைப் பார்த்தே கையசைக்கிறார். டிரம்காரர்களுக்கு முன்னால் நிற்பவர்கள் தங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து வந்து சேரும் ஒலியோடு சேர்ந்து வாசிக்கிறார்கள். மைதானத்தின் முன்விளிம்பில் மரிம்பாவும் சைலோஃபோனும் வாசிக்கும் குழு டிரம் மேஜரைப் பார்க்காமலே, பின்னாலிருந்து வரும் அலையைக் கேட்டு அதிலேயே ஏறிக்கொள்கிறது. எல்லா ஒலியும் ஒரே அலையாகத் திரண்டு பார்வையாளர் வரிசையை வந்தடைகிறது. உள்ளே நிற்கும் ஒருவருக்கும் அந்த முழு இசை கேட்பதே இல்லை! தாங்கள் உருவாக்குவதைத் தாங்களே கேட்க முடியாத நூற்றைம்பது பேர். பாட்காஸ்டில் ஒருவரை உட்காரவைத்து, ‘அந்த இடத்தில் நின்றபோது உங்களுக்கு என்ன கேட்டது?’ என்று மட்டும் கேளுங்கள். ஒரு மணி நேரம் போதாது.

டிரம் வரிசை இன்னும் வியப்பு. பெரிய பாஸ் டிரம்மைச் சுமக்கும் ஐந்து பேர் ஐந்து வேறு அளவில், ஐந்து வேறு சுருதியில் நிற்பார்கள். ஒரே வரியை ஐவரும் பங்குபோட்டு வாசிப்பார்கள். ஒரு சொல்லை ஐந்து பேர் ஆளுக்கோர் எழுத்தாக உச்சரித்து, கேட்பவருக்கு ஒரே சொல்லாக ஒலிக்கச் செய்வதற்கு இணையான வேலை! அதே 180 வேகத்தில் ஒரு தட்டை நான்காகப் பிரித்தால் நொடிக்கு 12 அடி. அதில் தன் அடி எது என்று அறிந்து, அதை மட்டும் அடித்துவிட்டு, அடுத்தது வரும்வரை கை காத்திருக்க வேண்டும். அதுவும் பக்கவாட்டில் நண்டு நடை போட்டுக்கொண்டே!

அந்த நடைக்கும் கணக்கு உண்டு. ஐந்து கெஜத்துக்கு எட்டு அடி. ஓர் அடி இருபத்திரண்டரை அங்குலம். நெட்டையரும் குட்டையரும் ஒரே அளவில் எட்டு வைத்தாக வேண்டும். யார் எந்தத் தட்டில் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பது அவரவர் கழுத்தில் தொங்கும் சிறு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். பதினொரு பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகள்!

சூசாவிடம் மறுபடி வருகிறேன். அவர் கதை லேசில் முடிவதில்லை. சிறுவன் சர்க்கஸ் பேண்டோடு ஓடிப்போகத் திட்டமிட்டது தெரிந்ததும் அவருடைய அப்பா என்ன செய்தார் தெரியுமா? 13 வயதில் அமெரிக்க மரீன் பேண்டில் பயிலுநராகச் சேர்த்துவிட்டார்! பின்னாளில் அதே பேண்டின் தலைவரானார் மகன். இந்த மனிதர் பதிவு செய்த இசையை அறவே வெறுத்தார். இயந்திர இசையின் ஆபத்தைப் பற்றி 1906-இல் கட்டுரை எழுதினார். இசைத்தட்டு பரவினால் வீட்டில் பாடுவோரும் வாசிப்போரும் அற்றுப்போவார்கள் என்று அஞ்சினார். சூசா பேண்டின் பெயரில் வந்த இசைத்தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் தலைமை தாங்கவே இல்லை, உதவியாளர்கள்தான் நடத்தினார்கள்.

அந்த அச்சம் நியாயமானது, இன்றும் நான் அதை மதிக்கிறேன். ஆனால் பாட்காஸ்ட் தொடங்குபவருக்கு ஒரு வரம் கிடைத்திருக்கிறது. சூசாவின் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட மார்ச்சுகளையும் வரிசையாகப் பதிவு செய்து, இசைக்குறிப்போடு இலவசமாக இறக்கிக்கொள்ளத் தருகிறது அதே மரீன் பேண்டு! 1798-இல் தொடங்கி, இடைவிடாமல் இயங்கும் அமெரிக்காவின் மிகப் பழைய தொழில்முறை இசைக்குழு அது. முகப்பு இசைக்கு அலைய வேண்டியதே இல்லை. இன்றைய டிரம் கோர் நிகழ்ச்சிகளின் பதிவுகளுக்கோ உரிமை வாங்கியாக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சூசாவின் மிகப் புகழ்பெற்ற மார்ச்சான ‘தி ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்’ அமெரிக்காவின் தேசிய மார்ச். ஆனால் சர்க்கஸ் கூடாரத்தில் அதைச் சாதாரண நாளில் வாசிக்க மாட்டார்கள். ஏன் தெரியுமா? அங்கே அது அபாயச் சங்கு! ரசிகர்கள் பதறாமல் இருக்க, ஊழியர்களுக்கு மட்டும் புரியும் எச்சரிக்கை. 1944 ஜூலை 6 அன்று ஹார்ட்ஃபோர்டு நகரில் ரிங்லிங் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றியபோது பேண்டு தலைவர் மெர்ல் எவன்ஸ் அந்த மார்ச்சைத்தான் வாசிக்கச் செய்தார். 160-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்தப் பேரிடரில், கொட்டகை எரியும்போதும் வாசித்துக்கொண்டிருந்தது அந்த பேண்டு. ஒரு முழு எபிசோடையும் இதற்கே கொடுக்கலாம்.

இன்னும் பின்னால் போவோமா? ஐரோப்பிய இசையில் பாஸ் டிரம், தட்டுத்தாளம், முக்கோணம் எல்லாம் எங்கிருந்து வந்தன? ஆட்டோமான் துருக்கியரின் மெஹ்தர் என்னும் படை இசையிலிருந்து! போர்க்களத்தில் கேட்டு நடுங்கிய ஒலியை ஐரோப்பிய அரசவைகள் ஆசையோடு தங்கள் படைகளுக்குச் சேர்த்துக்கொண்டன. மொசார்ட்டின் துருக்கிய ரோண்டோவிலும், பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியின் கடைசிப் பகுதியிலும் அந்த நடை காதில் விழும். கான்ஸ்டான்டிநோபிளில் பொன் செய்யும் வித்தையைத் தேடிய அவேடிஸ் ஜில்ஜியான் என்ற ஆர்மீனியர் செம்பும் வெள்ளீயமும் கலந்த ஓர் உலோகத்தைக் கண்டார். பொன் வரவில்லை, நாதம் வந்தது! 1623-இல் அவர் தொடங்கிய குடும்பத் தொழில் பின்னர் அமெரிக்கா போய், நானூறு ஆண்டு கடந்து இன்றும் பேண்டுகளுக்குத் தட்டுத்தாளம் வார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த அலை நம் கரையையும் தொட்டது. சென்னையை அடுத்த மணலியில் இருந்த நாட்களில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகள் முத்துசுவாமி தீட்சிதரின் காதுக்கு வந்தன. அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார் அவர். நோட்டுஸ்வரங்கள் என்று குழந்தைகளுக்கு இன்றும் கற்றுத்தருகிறோமே, அவைதான்! அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டு. தஞ்சையில் சரபோஜி மன்னரும் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். தமிழில் இந்தப் பாட்காஸ்டைத் தொடங்குபவர் இந்த எபிசோடை முதல் மாதத்திலேயே வைத்துவிட வேண்டும்.

இனி அமெரிக்கக் கல்லூரி மைதானங்கள். 1907-இல் பர்டியூ பல்கலைக்கழக பேண்டு மைதானத்தில் ‘பி’ என்ற எழுத்தாக நின்றது. ஆளை வைத்து எழுத்து வரையும் வழக்கத்துக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். 1936-இல் ஒஹாயோ ஸ்டேட் பேண்டு ‘ஒஹாயோ’ என்று ஆங்கிலக் கோத்தெழுத்திலேயே நடந்து எழுதியது! கடைசியில் ‘ஐ’ எழுத்துக்குப் புள்ளி வைக்க சூசாஃபோன்காரர் ஒருவர் துள்ளிக்கொண்டு வந்து குனிந்து வணங்குவார். பல ஆண்டுகள் பேண்டில் உழைத்த சூசாஃபோன்காரருக்கு மட்டுமே கிடைக்கும் இடம் அது. வெளியாருக்கு அரிதாகத் தந்த அந்த மரியாதை பூமியைச் சுற்றிய முதல் அமெரிக்கரான ஜான் கிளென்னுக்குக் கிடைத்தது. நிலவில் முதல் அடி வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கோ, மாணவராக இருந்தபோது பர்டியூ பேண்டில் பாரிடோன் ஊதியவர்! நிலவில் வைத்த அந்தக் காலுக்கு அடிக்கணக்கு ஏற்கெனவே பழக்கம்.

டிரம்முக்கு அணுக்கதிர் பட்ட கதை தெரியுமா? 1922-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்காக எட்டடி விட்டத்தில் ஒரு ராட்சத டிரம் செய்தார்கள். பெயர் பிக் பெர்த்தா. பல்கலைக்கழகம் கால்பந்தைக் கைவிட்டதும் அது மைதானத்தின் அடியில் முடங்கியது. அதே மைதானத்தின் அடியில்தான் 1942 டிசம்பரில் உலகின் முதல் கட்டுப்படுத்திய அணுத் தொடர்வினை நடந்தது! டிரம்மிலும் கதிரியக்கம் ஏறிவிட்டது. பிறகு அதைச் சுத்தம் செய்தார்கள். 1955-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக பேண்டுக்காக ஒருவர் அதை ஒரே ஒரு டாலருக்கு வாங்கிக்கொடுத்தார். 2022-இல் ஓய்வு பெறும்வரை மைதானத்தில் முழங்கியது அந்த டிரம்.

பேண்டு ஒன்று ஆட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டதும் உண்டு. 1982 நவம்பர் 20. கலிஃபோர்னியா அணிக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் ஆட்டம். மிச்சம் நான்கே நொடி. ஸ்டான்ஃபோர்டு 20-19 என முன்னிலை. ஆட்டம் முடிந்துவிட்டது என்று ஸ்டான்ஃபோர்டு பேண்டு மைதானத்தில் இறங்கிவிட்டது. கலிஃபோர்னியா வீரர்களோ பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி, பேண்டுக்காரர்களுக்கு நடுவே புகுந்து ஓடி, வெற்றிப் புள்ளியை எடுத்து, கடைசியில் ஒரு டிராம்போன்காரர் மீது மோதியே விட்டார்கள்! ஜோ ஸ்டார்க்கியின் அன்றைய வானொலி வர்ணனையில் அவர் குரல் உடைந்து கிறீச்சிடுவதைக் கேட்டால் படமே தேவையில்லை. அந்த டிராம்போன் இன்று கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்தின் சொத்து.

கறுப்பினக் கல்லூரிகளின் பேண்டுகளுக்கு ஒரு பருவம் முழுக்க ஒதுக்கினாலும் தகும். 1967-இல் இன்று முதலாவது சூப்பர் பவுல் என்று அறியப்படும் ஆட்டத்தில் வாசித்தவர்களில் கிராம்ப்ளிங் கல்லூரி பேண்டும் உண்டு. வில்லியம் ஃபாஸ்டர் 1946 முதல் வளர்த்தெடுத்த ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ‘மார்ச்சிங் 100’, முழங்காலை உயரத் தூக்கும் நடையையும் நடனத்தையும் பேண்டுக்குள் கொண்டுவந்து இந்தக் கலையின் முகத்தையே மாற்றியது. 1989-இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவில், பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையில் ஜேம்ஸ் பிரவுன் பாடல்களை வாசித்தபடி ஆடிப் போனார்கள்! 2023-இல் டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழக பேண்டு கிராமி விருதே வாங்கிவிட்டது.

இதே மார்ச்சிங் 100-இல் 2011-இல் சக பேண்டு உறுப்பினர்களின் வன்கொடுமைச் சடங்கில் ஒரு டிரம் மேஜர் அடித்துக் கொல்லப்பட்டார். பேண்டை நிறுத்தி வைத்தார்கள். 2013-இல்தான் அது மைதானம் திரும்பியது. பாட்காஸ்ட் இதை மெல்லவும் கூடாது, விழுங்கவும் கூடாது. பிள்ளைகளை நம்பி அனுப்பும் கலை இது. அங்கே அவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வியைக் கேட்காத நிகழ்ச்சி, இந்தக் கலையை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

டிரம் கோருக்கு வருகிறேன். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் சங்கங்களில் வளர்ந்து, 1972 முதல் டி.சி.ஐ. என்ற அமைப்பின் கீழ் இளைஞர்கள் மோதும் போட்டி இது. மரக்காற்று வாத்தியமே கிடையாது. பித்தளையும் டிரம்மும் கலர் கார்டும்தான். வயது வரம்பும் உண்டு. கோடை முழுக்க நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் பயிற்சி, இரவில் பேருந்துப் பயணம், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் தூக்கம். சம்பளமா? இவர்கள்தான் பல ஆயிரம் டாலர் கட்டிச் சேர்கிறார்கள்! இத்தனையும் எதில் முடிகிறது பாருங்கள்: 2008-இல் ஃபேன்டம் ரெஜிமென்ட் பட்டம் வென்ற வித்தியாசம் 0.025 புள்ளி! ப்ளூ டெவில்ஸ் 2014-இல் எடுத்த 99.65-ஐ இன்னும் யாரும் தாண்டவில்லை. 1940-இல் பிறந்த பாஸ்டன் குருசேடர்ஸ் தன் முதல் டி.சி.ஐ. பட்டத்தை வென்றது 2025-இல்.

ராக் இசைக்குள்ளும் மார்ச்சிங் பேண்டுகள் நுழைந்தன. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ‘டஸ்க்’ பாடலுக்காக 1979-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக பேண்டை வரவழைத்துப் பதிவு செய்தது எங்கே தெரியுமா? ஆளில்லாத டாட்ஜர் பேஸ்பால் மைதானத்தில்! ஜப்பானிலோ கியோட்டோ தச்சிபானா பள்ளி மாணவர்கள், ஆரஞ்சு நிறச் சீருடையில் குதித்து, ஆடி, ஓடிக்கொண்டே ஒரு சுரமும் தவறாமல் ஊதுகிறார்கள். 2012-இலும் 2018-இலும் கலிஃபோர்னியாவின் ரோஸ் பரேடு பாதையில் கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டருக்கு அப்படியே ஆடிப் போனவர்கள்! அந்த மூச்சுக் கணக்கை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும்.

கொடியும் மர ரைஃபிளும் வாளும் சுழற்றும் கலர் கார்டை ஒலியில் எப்படிக் கொண்டுவருவது என்று தயங்க வேண்டாம். ஆறேழு சுற்றுச் சுழன்று இறங்கும் மர ரைஃபிளை இருபது பேர் ஒரே கணத்தில் பிடிக்கும்போது ஓர் அறைச்சத்தம் எழும். ஒருவர் தாமதித்தாலும் அந்தச் சத்தம் இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மைக்கை அங்கே வையுங்கள்! டிரம் வரிசைக்குப் பக்கத்தில் போகும்போது மட்டும் பதிவளவைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். நூறு டெசிபலைத் தாண்டும் ஒலி அது, உங்கள் காதுக்கும் அடைப்பான் வேண்டும்.

முதல் பேட்டிக்கு யாரை அழைப்பது? நட்சத்திர இசையமைப்பாளர்கள் அப்புறம் வரட்டும். ஒவ்வொரு டிரம் கோருடனும் சமையலறையாக மாற்றிய ஒரு டிரக் ஊர் ஊராகப் போகிறது. தன்னார்வலர்கள் அதில் நின்று, குழுவும் பயிற்றுநர்களுமாக இருநூறு பேருக்கு நாளுக்கு நான்கு வேளை சமைக்கிறார்கள். அவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே மைதானத்தில் டிரம் சுமந்தவர்கள், அல்லது சுமப்பவர்களின் அம்மா அப்பாக்கள். எந்தப் பருவத்துப் பிள்ளைகள் எப்படி வாசித்தார்கள், யார் எந்த ஊரில் அழுதார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். விடிகாலைச் சமையல் முடிந்து, அடுத்த வேளைக்கு வெங்காயம் நறுக்கத் தொடங்கும் முன் அவர்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கும். கேள்விகளோடு அந்த நேரத்தில் போய் உட்காருங்கள்.